செங்கல்லும் சொல்லும்

அழகிய கட்டுரை எழுதும் ஆற்றல் எனக்கு இல்லை. நான் மண்ணையும் கல்லையும் படிக்கின்ற மாணவன். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் என் அறைக்கு வந்தபோது, "கல்லைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். "கல்லைப் பற்றி வேண்டாம் என்றால் சொல்லைப் பற்றி எழுதும்!" என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். அவர் வேடிக்கையாகச் சொன்னது என் நெஞ்சில் தைத்தது. நான் எழுதிய ஒரு சொல் ஓராண்டுக் காலமாக என்னை உறுத்திக் கொண்டிருக்கிறது. அதையே இங்கு எழுதுகிறேன்.

என் வீடு செங்கல் என்னும் ஊரில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அருகே உள்ள ஊர். 111 அடி உயரச் சிவலிங்கம் எழுப்பப்பட்ட சிவபார்வதி கோயிலால் இன்று பலரும் அறிந்த ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் மாறியபோது தெற்கே உள்ள வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. எங்கள் ஊர் கேரளத்தோடு நின்றது. பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் களியக்காவிளை வந்துவிடும். ஆயினும் இந்த மண்ணில் நாங்கள் வந்தேறிகளே. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் தந்தையார் காய்கறிக் கடை வைக்க வந்தபோது நான் சிறுவன். பள்ளியில் என் பெயரைக் கற்றுக் கொள்ளும் முன்பே 'பாண்டி' என்ற பெயரைச் சில பிள்ளைகள் எனக்குச் சூட்டிவிட்டார்கள். என் வீட்டு மொழியோ, என் தாயின் சமையலோ, என் தந்தை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சுமை இறக்குவதோ அந்தச் சொல்லுக்குள் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவன் வைக்கும் பெயர் எவ்வளவு சிறியது என்பதை நான் ஏழு வயதிலேயே அறிந்தவன். அறிந்தும் தவறினேன் என்பதுதான் செய்தி.

சென்ற ஆண்டு ஆய்வேட்டுக்காக எங்கள் ஊரைச் சுற்றியுள்ள வெட்டுகல்லை ஆராய்ந்தேன். சிவப்பும் மஞ்சளுமாய்ப் புழை புழையாய் இருக்கும் இக்கல்லைப் புவியியல் நூல்கள் 'லேட்டரைட்' என்று அழைக்கும். ஒரு நாள் நானும் என்னுடன் படிக்கும் இருவரும் பூவாற்றுக்குப் போகும் வழியில், கடலுக்குச் சற்று இப்பால், ஒரு மேட்டுச் சரிவைக் கண்டோம். மழை அரித்த இடத்தில் கல்லின் அடுக்குகள் மேலிருந்து கீழ்வரை புத்தகம் திறந்து வைத்தாற்போல் தெரிந்தன. மேட்டின் மேலே ஒரு சிறிய பள்ளிவாசல். அதன் பின்னே தென்னை மரங்கள். நான் சுத்தியலை எடுத்து இரண்டு தட்டுத் தட்டியிருப்பேன். மேலேயிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். தொப்பியணிந்த பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார்.

"இங்க கல்லு தட்டக் கூடாது. போயிருங்க."

பல்கலைக் கழகக் கடிதத்தைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற இளைஞர்களின் குரல் உயர்ந்தது. என் நண்பன் ஒருவன் பதிலுக்கு ஏதோ சொல்ல, அவர்கள் எங்கள் பையைக் காட்டி, எடுத்துக் கொண்டு நடங்கள் என்றார்கள். அடியுமில்லை, வசவுமில்லை. ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. பேருந்தில் உட்கார்ந்ததும் குறிப்பேட்டைத் திறந்து, அந்த இடத்துக்கு நேரே எழுதினேன்: "இவ்வூரார் மதவெறியர். ஆய்வுக்கு இடம் தரமாட்டார்கள்."

ஆய்வேடு முடிந்தது. குறிப்பேடு துறையின் அலமாரிக்குப் போயிற்று. நான் மறந்தும் போனேன். சில மாதங்கள் கழித்து, அடுத்த வகுப்பு மாணவர்கள் களப்பணிக்கு இடம் பார்த்துக் கொண்டிருந்தபோது அவ்வழியாகச் சென்றேன். ஒருவன் வரைபடத்தில் விரல் வைத்து, "இந்த இடம் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் வெறி பிடித்தவர்கள். பழைய நோட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது" என்றான். அது யார் நோட்டு என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் நடந்துவிட்டேன். சொல்லாமல் நடந்தது எழுதியதைவிடப் பெரிய பிழை என்று இப்போது தோன்றுகிறது.

என் பிழையின் உருவத்தை நான் கண்டது ஒரு பழைய நூலில். லேட்டரைட் என்னும் பெயரின் வரலாற்றை எழுத வேண்டி, பிரான்சிஸ் புக்கானன் என்பவரின் பயண நூலை எடுத்தேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர், ஆங்கிலக் கும்பினியின் மருத்துவர். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, வெல்லெஸ்லி பிரபுவின் கட்டளைப்படி மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய பகுதிகளை 1800, 1801-ஆம் ஆண்டுகளில் சுற்றிப் பார்த்து, 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். மலபாரில் அங்காடிப்புரம் என்னும் ஊரில் இந்தக் கல்லைக் கண்டார். மண்ணுக்குள் இருக்கும்போது மெத்தென்று இருக்கும். இரும்புக் கருவியால் சதுரம் சதுரமாக வெட்டலாம். வெட்டி வெளியே வைத்தால் காற்றும் வெயிலும் பட்டு இறுகி, சூளையில் சுட்ட செங்கல்லைப் போலாகிவிடும். இதையெல்லாம் அவர் நுணுக்கமாகக் குறித்தார். உள்ளூர் மக்கள் தத்தம் மொழியில் இதைச் செங்கற்கல் என்ற பொருளில் அழைப்பதையும் கேட்டுக் குறித்தார். பிறகு இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். மக்கள் வைத்த பெயரே வேற்றுமொழி வேடம் பூண்டு உலகெங்கும் சென்றது. அங்காடிப்புரத்தில் 1979-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதற்கு ஒரு நினைவுச் சின்னமே எழுப்பியிருக்கிறது. நான் வளர்ந்த ஊர்ப் பெயரும் என் ஆய்வுப் பொருளும் ஒரே சொல் என்பதில் எனக்கு ஒரு செருக்குக்கூட உண்டாயிற்று.

அந்தச் செருக்கோடு மேலும் சில பக்கங்களைப் புரட்டினேன். அதே புக்கானன், அதே பயணத்தில், மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்களைப் பற்றியும் எழுதியிருந்தார். கடற்கரையில் வாணிகம் செய்பவர்கள் அமைதியான உழைப்பாளிகள். தெற்கே உள்நாட்டில் இருப்பவர்களோ கொடியவர்கள், இரத்த வெறியர்கள், மதவெறியர்கள் என்பது அவர் கருத்தின் சாரம். என் கை நின்றது. கல்லை அவர் தொட்டுப் பார்த்தார், வெட்டுகிறவனைக் கேட்டார். மக்களைப் பற்றி எழுதும்போது யாரைக் கேட்டார்? கும்பினி அதிகாரிகளும், மாப்பிள்ளைமாரோடு பகை கொண்ட நிலக்கிழார்களும் சொன்னவை அவர் காதில் முதலில் விழுந்திருக்கும். குறிப்பேட்டில் நான் எழுதிய அதே சொல், ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன், அச்சில் இருந்தது.

தோழர்களே, அதன் பின் பாடநூல்களை மூடிவைத்து மலபாரின் கதையைத் தேடிப் படித்தேன். அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மலபார் 1792-இல் கும்பினியின் கைக்கு வந்தது. அதற்கு முன் மைசூர்ப் படையெடுப்பின்போது ஜன்மிகள் என்னும் நிலவுடைமையாளர் பலர் நம் திருவிதாங்கூருக்கு ஓடி வந்திருந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்கள் திரும்பிப் போனார்கள். பழைய வழக்கப்படி விளைச்சலில் ஜன்மிக்கும், காணக்காரனுக்கும், உழுகிறவனுக்கும் தனித்தனிப் பங்குண்டு. ஆங்கில நீதிமன்றங்களோ, தங்கள் நாட்டு வழக்கத்தை மனத்தில் வைத்து, ஜன்மியே நிலத்தின் முழு உடையவன் என்று தீர்ப்பளித்தன. உழுதவன் வெளியேற்றப்படலாம் என்றாயிற்று. ஏறநாடு, வள்ளுவநாடு வட்டங்களில் அப்படி உழுதவர்களுள் பெரும்பகுதியினர் மாப்பிள்ளைமார்.

1836 முதல் 1854 வரை அங்கே இருபதுக்கு மேற்பட்ட கிளர்ச்சிகள் மூண்டன. சிலர் ஒன்று கூடுவர். ஒரு நிலக்கிழாரையோ அதிகாரியையோ கொல்வர். பிறகு ஒரு பள்ளிவாசலிலோ வீட்டிலோ நின்று, படை வரும்வரை காத்திருந்து, போரிட்டு மடிவர். கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். கோயில்கள் தாக்கப்பட்டதும் உண்டு. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால், 'ஏன்?' என்று கேட்பதுதானே அறிவின் வேலை?

அந்த 'ஏன்?' என்ற கேள்விக்கு விடை காண 1852-இல் தாமஸ் லம்ஸ்டன் ஸ்ட்ரேஞ்ச் என்னும் நீதிபதி அமர்த்தப்பட்டார். அவர் விசாரித்தார். நிலக் கொடுமை காரணமன்று, மதவெறியே காரணம் என்று முடிவு கட்டினார். அவர் அறிக்கையின் வழியில் 1854-இல் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்றின்படி கிளர்ச்சியாளரின் சொத்தைப் பறிக்கலாம், ஐயத்துக்குரியவரை விசாரணையின்றி நாடு கடத்தலாம், ஊர் முழுவதன் மீதும் தண்டம் விதிக்கலாம். மற்றொன்றின்படி மாப்பிள்ளைமாரின் போர்க் கத்தி குற்றப் பொருளாயிற்று. கலெக்டர் கோனாலி ஊர் ஊராகச் சென்று ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கத்திகளைப் பறித்தார். 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் தம் வீட்டிலேயே அவர் கொல்லப்பட்டார். 'பார்த்தீர்களா, வெறியர்கள் என்றோமே!' என்று ஆள்வோர் சொல்ல அதுவும் ஒரு சான்றாயிற்று.

ஸ்ட்ரேஞ்சைப் பற்றி ஒரு செய்தி என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. மாப்பிள்ளைமாரின் மத வைராக்கியத்தை அவர் எடை போட்ட அதே 1852-இல், விவிலியத் தீர்க்கதரிசனங்களைக் கொண்டு வரப்போகும் நியாயத்தீர்ப்பை விளக்கும் நூலொன்றையும் அவர் வெளியிட்டார். தம்முடைய மதப் பற்று அவருக்கு ஒளியாகத் தோன்றிற்று. பிறருடையது வெறியாகத் தோன்றிற்று. பிற்காலத்தில் இங்கிலாந்தில் அதே மனிதர், விவிலியம் இறைவனின் வாக்குத்தானா என்று வினவி 1871-இல் நூல் எழுதினார். அவர் கருத்து அடியோடு மாறிவிட்டது. அவர் அறிக்கையிலிருந்து பிறந்த சட்டம் மாறாமல் நின்றது. இதுதான் என் நெஞ்சைச் சுட்டது. எழுதியவன் திருந்தலாம். எழுத்து தானாகத் திருந்துவதில்லை.

பின்னர் வேறொருவர் வந்தார். 1880-இல் ஜன்மிகளின் கொடுமையைக் கூறும் ஒரு மொட்டை மனு அரசுக்குச் சென்றது. அதன் தொடர்ச்சியாக 1881-இல் வில்லியம் லோகன் என்னும் அதிகாரி தனி ஆணையராக அமர்த்தப்பட்டார். அவரும் வெள்ளையர்தான், ஸ்காட்லாந்துக்காரர்தான், பேரரசின் ஊதியம் பெற்றவர்தான். ஆனால் அவர் வட்டம் வட்டமாகச் சென்று, குடியானவரிடமிருந்து ஆயிரக்கணக்கில் மனுக்களை வாங்கினார். மாப்பிள்ளைமாரும் கொடுத்தனர், இந்துக் குடியானவரும் கொடுத்தனர். குத்தகை எவ்வளவு, வெளியேற்றம் எத்தனை என்று கணக்கெடுத்தார். 1882-இல் தந்த அறிக்கையில், ஜன்மியை முழு உடையவனாகக் கொண்டதே ஆங்கில ஆட்சி செய்த பெரும் பிழை என்றும், கிளர்ச்சியின் வேர் நிலத்தில் இருக்கிறது என்றும் எழுதினார். உழுபவனுக்கு நிலையான உரிமை தரவேண்டும் என்றார். 1887-இல் அவர் எழுதிய 'மலபார் மானுவல்' இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் தவழ்கிறது.

அறிக்கையைப் பெற்ற அரசு என்ன செய்தது? நம் திருவிதாங்கூரில் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ் தலைமையில் 1884-இல் இன்னொரு குழு வைத்தது. முடிவில் 1887-இல், வெளியேற்றப்படும் குடியானவன் நிலத்தில் செய்த மேம்பாட்டுக்கு ஈட்டுத் தொகை தரும் சட்டம் மட்டும் வந்தது. நிலையான உரிமை வரவில்லை. வெறி என்று சொன்ன அறிக்கைக்கு இரண்டே ஆண்டில் சட்டம் கிடைத்தது. நிலம் என்று சொன்ன அறிக்கைக்கு ஐந்தாண்டில் அரைச் சட்டம் கிடைத்தது! குத்தகைதாரருக்கு ஓரளவு நிலைத்த உரிமை தரும் மலபார்க் குடிவாரச் சட்டம் 1930-இல்தான் வந்தது.

அதற்குள் 1921 வந்துவிட்டது. கிலாபத் இயக்கமும் நிலக் கொடுமையும் ஒன்றாகிப் பெருந் தீ மூண்டது. அரசுக் கணக்குப்படி கிளர்ச்சியாளருள் 2,300-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 45,000-க்கு மேற்பட்டோர் பிடிபட்டனர் அல்லது சரணடைந்தனர். இந்துக்கள் பலர் கொலையுண்டனர். கட்டாய மதமாற்றம் நடந்தது. பலர் வீடிழந்து ஓடினர். 1921 நவம்பரில் திரூரிலிருந்து பூட்டிய சரக்கு வண்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகள், நம் கோவைக்கு அடுத்த போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோது மூச்சு முட்டிப் பிணங்களாகக் கிடந்தனர். இறந்தோர் ஏறத்தாழ 70 பேர். இத்தனைக்கும் பிறகு, அந்தக் கிளர்ச்சியின் வரலாற்றை எழுதி 1925-இல் அரசு அச்சகத்தில் வெளியிட்டவர் யார்? அதை அடக்குவதில் முன்னின்ற காவல் துறை அதிகாரி ஹிட்ச்காக்! பிடித்தவரே எழுதுகோலையும் பிடித்தார்.

இது மலபாருக்கு மட்டும் நேர்ந்ததன்று. வங்காளத்தில் டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர் 1871-இல் இந்திய முசல்மான்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விக்டோரியா அரசிக்கு எதிராகக் கலகம் செய்வது இவர்களுடைய சமயக் கடமையா என்பதே அதன் கேள்வி. கேள்வியிலேயே குற்றச்சாட்டு அடங்கியிருக்கிறது அன்றோ? சர் சையது அகமது கான் உடனே மறுப்பு எழுதினார். ஒரு பகுதியில், ஒரு சிலரிடம் கண்டதை நாடு முழுவதும் உள்ள சமுதாயத்தின் மேல் ஏற்றுவது எப்படித் தகும் என்பது அவர் வாதத்தின் கரு.

'அப்படியானால் மக்களோடு பழகி, மொழி கற்று எழுதினால் போதுமே?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். சுமத்திராவின் ஆச்சே நாட்டைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணமும் தளர்ந்தது. ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்னும் டச்சு அறிஞர் அரபு மொழியில் வல்லவர். முஸ்லிம் பெயர் பூண்டு 1885-இல் மக்காவில் தங்கியவர். ஆச்சே மக்களின் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால் அந்த அறிவையெல்லாம் கொண்டு, ஆச்சேயின் எதிர்ப்பை உலமாக்களை நசுக்கினாலன்றி அடக்க முடியாது என்று டச்சு அரசுக்கு அறிவுரை கூறினார். நெருங்கிப் பார்த்தார், ஆனால் யாருக்காகப் பார்த்தார்? கருவி எவ்வளவு கூர்மையானாலும், எதை அளக்க வைத்தோமோ அதைத்தான் அது அளக்கும். இது எங்கள் ஆய்வுக் கூடத்தின் முதற் பாடம். பேரரசு தன் அறிஞர்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'இவர்கள் அடங்கி இருப்பார்களா?' வாழ்வின் பிற பக்கங்களெல்லாம் அந்தக் கேள்விக்குள் அகப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 1901-ஆம் ஆண்டளவில் மாப்பிள்ளைமாரின் போர்ப் பாடல்களை மொழிபெயர்த்து ஆங்கில ஆராய்ச்சி இதழில் வெளியிட்டவர் பாசெட். அவர் வேலை இரயில்வேக் காவல் துறையில்! காவலர் காதுக்குப் போர்ப் பாட்டு எட்டியதில் வியப்பில்லை. ஆனால் ஸ்ட்ரேஞ்ச் அறிக்கை தந்த அதே 1852-இல் பிறந்த மொயீன்குட்டி வைத்தியர் என்னும் மாப்பிள்ளைக் கவிஞர், இருபது வயதில் பாடிய 'பதருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்' ஒரு காதற் காவியம். காதலைப் பாடவும் கேட்டு உருகவும் தெரிந்த ஒரு சமுதாயத்தை எந்தச் சட்டப் புத்தகத்திலும் காண முடியவில்லை. தக்கலை பீர் முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த குமரி மாவட்ட நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர்களும் இன்னும் வாதிடுகிறார்கள். ஸ்டீபன் டேல் 1980-இல் வெளியிட்ட நூலில், போர்த்துகீசியர் காலத்திலிருந்து வளர்ந்த சமய மரபுக்கு முதன்மை தந்தார். கான்ராட் வுட் 1987-இல் நில உறவை முன்வைத்தார். கே. என். பணிக்கர் 1989-இல் எழுதிய நூலில், குடியானவனின் குறையும் அவனுடைய சமய உணர்வும் எவ்வாறு பின்னின என்று ஆராய்ந்தார். லேட்டரைட்டின் கதையும் இப்படித்தான். புக்கானன் இறுகும் தன்மையைக் கண்டார். பின் வந்தோர் அதன் உட்கூறுகளை ஆராய்ந்தனர். மழை நீர் பாறையிலுள்ள சிலிகாவையும் சுண்ணத்தையும் கரைத்துக் கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்பதே இக்கல் என்று தெளிந்தனர். எதை லேட்டரைட் என்பது என்று இன்னும் வாதம் நடக்கிறது. கல்லின் விளக்கம் 200 ஆண்டுகளாகத் திருத்தப்பட்டு வருகிறது. அதனால் கல்லுக்கு இலாபமுமில்லை, நட்டமுமில்லை. மனிதனைப் பற்றிய விளக்கம் திருத்தப்படும் வரை மனிதன் காத்திருக்க வேண்டும்; தண்டம் கட்டிக் கொண்டு காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு, என் இரண்டு வரிகளை அலமாரியில் வைத்துக் கொண்டு உறங்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடியும் வேளையில் அந்த மேட்டுக்குப் போனேன். சுத்தியலை எடுத்துச் செல்லவில்லை. அந்தப் பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். தேங்காய்ப்பட்டணத்தில் பெண் எடுத்தவராம். தமிழ் நன்றாகப் பேசினார். நான் இன்னான் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

"கல்லு தட்ட வந்த தம்பியா? இருங்க. சாயா குடிச்சியளா?"

தேநீர் வந்தது. "அன்றைக்கு ஏன் விரட்டினீர்கள், பெரியவரே?" என்று நேரே கேட்டேன். ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் என்னைப் பள்ளிவாசலின் பின்புறம் அழைத்துச் சென்றார். தென்னைகளின் நடுவே வரிசை வரிசையாக மீசான் கற்கள். எல்லாம் வெட்டுகல்லில் செதுக்கியவை. நான் சுத்தியலால் தட்டிய சரிவு, அந்தக் கபர்களுக்கு நேர் கீழே இருந்தது.

"ஒவ்வொரு மழைக்கும் இந்தச் சரிவு இடிஞ்சிட்டு வருது தம்பி. எங்க உம்மா அந்தக் கடைசி வரிசையில கெடக்கா. நீங்க கீழ நின்னு தட்டினா எங்களுக்கு எப்படி இருக்கும்?"

நான் தலை குனிந்தேன். அவர் மேலும் சொன்னார்: "அது மட்டும் இல்ல. முந்தி ஒரு கூட்டம் இப்படித்தான் வந்திச்சு. கையில கடுதாசி, சங்கிலி, குழல் எல்லாம் இருந்திச்சு. படிக்கிற பிள்ளைகன்னு நெனச்சு வழிய விட்டோம். அளந்துட்டுப் போனாங்க. பொறவு எங்க வீட்டு மண்ணு எங்க மண்ணு இல்லைன்னு தாள் வந்திச்சு. அது தீர எத்தன வருஷம் நடந்தோம் தெரியுமா? கடுதாசின்னா எங்களுக்குப் பயம் தம்பி."

அவரது அச்சத்தில் தாயின் கபரும் இருந்தது, வீட்டு மண்ணும் இருந்தது. நான் கண்டது தொப்பியை மட்டும். "எது பெரிய காரணம்? கபரா, நிலமா?" என்று ஆராய்ச்சியாளனைப் போல் கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "உம்மா கெடக்கிற மண்ணும் எங்க மண்ணுதானே? அத எப்படிப் பிரிச்சுச் சொல்ல?" என்றார். பெரிய பெரிய நூல்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

பிறகு நான் என் குற்றத்தைச் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிய சொல்லை வாய்விட்டுச் சொல்லவே நாக் கூசிற்று, ஆயினும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை. சிறிது நேரம் கழித்து, "அது இப்பவும் அங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "இருக்கிறது" என்றேன். "சரி, நீங்க எழுதினத நீங்கதான் மாத்தணும்" என்றார். புறப்படும்போது, தம் வீட்டுக் கிணறு தோண்டியபோது எடுத்த கற்கள் பின்கட்டில் கிடக்கின்றன, வேண்டியதை எடுத்துக் கொள்ளலாம் என்றார். ஒரு கல்லைத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். இப்போது அது என் மேசை மேல் இருக்கிறது.

மறுநாள் துறைக்குச் சென்று குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு அடிக்கவில்லை. அடித்துவிட்டால் பிழையும் மறையும், பிழை செய்தவனும் மறைவான். அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே தேதியிட்டு எழுதினேன்: "மேலே உள்ளது பிழை. இவ்விடத்தின் மேலே அடக்கத் தலம் உள்ளது. சரிவு இடிந்து வருகிறது. ஊராரைக் கேட்காமல் இங்கே கல் உடைக்கக் கூடாது. கேட்டால் உதவுவார்கள்." என் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். அடுத்த வகுப்பு மாணவர்களிடமும் நேரில் சொன்னேன். ஒருவன் கேட்டுக் கொண்டான். மற்றொருவன், "எதற்கும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது அண்ணா" என்றான். அவன் மேல் எனக்குச் சினமில்லை. ஒரு முறை இறுகிய சொல்லை இளக்குவது எளிதன்று.

தோழர்களே! நம்மில் பலர் நாளை ஆராய்ச்சிக்குச் செல்வோம், அதிகாரிகளாவோம், ஆசிரியர்களாவோம். நம் கையில் படிவமும் குறிப்பேடும் இருக்கும். நாம் எழுதுவதை எழுதப்படுகிறவர் படிக்க மாட்டார். பேரரசு போய்விட்டது, மலபாரின் அந்தப் பழைய சட்டங்களும் போய்விட்டன. ஆனால் ஒரு கூட்டத்தாரைக் கேளாமலே அவர்களைப் பற்றி எழுதும் கை நம்மிடமும் இருக்கிறது. 'பாண்டி' என்று அழைக்கப்பட்டவனாகிய என்னிடமே இருந்ததே!

வெட்டுகல்லை மண்ணுக்குள் இருக்கும்போதுதான் எளிதில் வெட்ட முடியும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டுவிட்டால் உளியே மழுங்கும். சொல்லும் அத்தகையதே. குறிப்பேட்டில் எழுதும் முன், மனத்துக்குள் மெத்தென்று இருக்கும்போதே அதைச் செதுக்கிக் கொள்வோம். அப்போதும் ஐயம் தீரவில்லையென்றால், மேட்டில் ஏறிச் சென்று கேட்போம். அங்கே நமக்குத் தேநீரும் கிடைக்கலாம்.